எக்ஸ்பாக்ஸ் 360 ஆர்எஃப் போர்டு, கணினிக்கு ரிசீவராக: ஒரு மதிப்பீடு

எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் படுத்துவிட்டது; வயர்லெஸ் கன்ட்ரோலர் மட்டும் நன்றாக இருக்கிறது. அதைக் கணினியோடு சேர்க்க நினைப்பவர்கள் முதலில் புளூடூத்தில் தேடுவார்கள். அகப்படாது. இந்தக் கன்ட்ரோலரும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது, ஆனால் அது பேசுவது மைக்ரோசாஃப்டின் சொந்த நெறிமுறை. அடுத்து ப்ளே அண்ட் சார்ஜ் கேபிளைச் செருகிப் பார்ப்பார்கள். அந்தக் கேபிள் பேட்டரிக்கு மின்சாரம் கொண்டுபோகும், அவ்வளவுதான். பட்டன் தகவல் எதுவும் அதன் வழியே வராது. ஆக, ஒரு ரிசீவர் இல்லாமல் காரியம் ஆகாது. மைக்ரோசாஃப்ட் 2007இல் விண்டோஸுக்காகவே விற்ற ரிசீவர் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. இணையத்தில் விற்பவை பெரும்பாலும் நகல்கள். இன்னொரு ரிசீவர் அந்தப் பழுதான கன்சோலுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே மதிப்பிடுவது அதைத்தான்.

முன்பக்கத்தில் பவர் பட்டனும் அதைச் சுற்றிப் பச்சை வளையமும் தெரியுமே, அதற்குப் பின்னால் உள்ள போர்டுதான் ஆர்எஃப் மாட்யூல், அதாவது கன்ட்ரோலர்களோடு பேசும் ரேடியோ பகுதி. 2005 நவம்பரில் வெளிவந்த முதல் தலைமுறை கன்சோலில், அதாவது 'ஃபேட்' என்று எல்லோரும் சொல்லும் பருத்த மாடலில், இது தனிப் போர்டாக இருக்கிறது. நான்கு கன்ட்ரோலர்களுக்கான ரேடியோ, ஆன்டெனா, பவர் பட்டன், வளைய எல்இடிகள் எல்லாம் இதிலேயே. அந்த வளையம் கோளாறுக்கு அடையாளமாகச் சிவப்பில் மின்னி, அதோடு செத்த கன்சோல்கள் எக்கச்சக்கம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டி, அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோளாறு வருவது மதர்போர்டில். முகப்பில் தனியாக நிற்கும் இந்தப் போர்டுக்கு அதில் பங்கில்லை. அதனால் செத்த கன்சோலிலிருந்து எடுத்த மாட்யூல் நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த மாட்யூல் மதர்போர்டோடு பேசுவது யூஎஸ்பியில். எந்த மாற்றுச் சில்லும் தேவையில்லை; பிறவியிலேயே இது ஒரு யூஎஸ்பி சாதனம். கணினியோடு சேர்க்க இரண்டே குறைகள்தான் தடை. ஒன்று, மின்னழுத்தம்: யூஎஸ்பி தருவது 5 வோல்ட், மாட்யூல் கேட்பது 3.3 வோல்ட். இரண்டு, சிங்க், அதாவது கன்ட்ரோலரையும் ரிசீவரையும் ஒன்றோடொன்று இணைசேர்ப்பது: விண்டோஸ் ரிசீவரில் இருப்பது போன்ற சிங்க் பட்டன் இந்தப் போர்டில் கிடையாது. கன்சோலின் சிங்க் பட்டன் மதர்போர்டில் இருக்கிறது. அதை அழுத்தியதும் மதர்போர்டு ஒரு கட்டளையை அனுப்பும், மாட்யூல் அதைக் கேட்டுக் கன்ட்ரோலரைத் தேடும். மதர்போர்டு போனபின் அந்தக் கட்டளையை அனுப்ப வேறொருவர் வேண்டும்.

மின்னழுத்தத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் போர்டு எரிந்துபோவது இங்கேதான். இணையத்தில் சுற்றும் மலிவான வழி, சிவப்பு ஒயரில் 1என்4007 டயோடு இரண்டைத் தொடராகப் போடுவது. ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டைக் குறைக்கும், மீதி 3.6 வோல்ட் என்பது கணக்கு. டயோடில் இறங்கும் அளவு மின்னோட்டத்தைப் பொறுத்தது என்பதுதான் இதில் கோளாறு. மாட்யூல் சும்மா இருக்கும்போது இறக்கம் குறைந்து 3.8 வோல்ட் வரை போகும். ரேடியோ வேலை செய்யும்போது மறுபடி இறங்கும். வேலை செய்கிறது என்பதால் சரி என்று ஆகாது. மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிலையாக வைக்கும் ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டர் ஒன்று போட்டால் சங்கடமே இல்லை. அதற்கு உள்ளீட்டில் குறைந்தது 1.3 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். 5 வோல்ட்டில் 1.7 கூடுதலாக இருக்கிறது, போதும். உள்ளீட்டில் 10 மைக்ரோஃபாரட், வெளியீட்டில் 22 மைக்ரோஃபாரட் டான்டலம் கெபாசிட்டர் போடுங்கள். வெளியீட்டுக் கெபாசிட்டர் இல்லாவிட்டால் இந்த ரெகுலேட்டர் அலைவுக்குள் போகும். அறிகுறி, சாதனம் இணைவதும் துண்டிப்பதுமாக இருப்பது. சாலிடர் செய்யத் தயங்குபவர்கள் கெபாசிட்டரோடு வரும் சிறிய ரெகுலேட்டர் போர்டாகவே வாங்கலாம்.

ரெகுலேட்டரில் ஒரு பொறி உண்டு. 7805 என்ற வேறு வகை ரெகுலேட்டரில் பழகியவர்கள் நடுக்காலை கிரவுண்ட் என்று நினைத்துக் கை போன போக்கில் இணைப்பார்கள். 1117இல் எழுத்துப் பக்கம் பார்த்து இடமிருந்து முதல் கால் கிரவுண்ட், நடுக்கால் வெளியீடு, மூன்றாவது உள்ளீடு. மேலே உள்ள உலோக நாக்கும் வெளியீட்டோடு சேர்ந்தது. அது போர்டின் உலோகக் கவசத்தையோ கணினிப் பெட்டியையோ தொட்டால் 3.3 வோல்ட் நேராகக் கிரவுண்டில் விழும். ஒரு துண்டு ஹீட்-ஷ்ரிங்க் குழாய் போட்டுவிடுங்கள். மாட்யூலை இணைக்கும் முன் ரெகுலேட்டரை மட்டும் யூஎஸ்பியில் செருகி, மல்டிமீட்டரில் 3.2க்கும் 3.4க்கும் இடையில் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த ஒயரைத் தொட வேண்டும்.

தேவையான மற்ற பொருட்கள் அதிகமில்லை: பழைய யூஎஸ்பி கேபிள் ஒன்று, சிங்க் கட்டளையை அனுப்ப 3.3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சிறிய நிரல் போர்டு ஒன்று, அதில் நிரலை ஏற்ற 3.3 வோல்ட் சீரியல் அடாப்டர், மெல்லிய ஒயர், கன்சோலைப் பிரிக்க டி8, டி10 டார்க்ஸ் திருப்புளிகள்.

மாட்யூலின் இணைப்பியில் நமக்கு வேண்டியவை முதல் ஏழு பின்கள். 1 என்பது 3.3 வோல்ட், 2 யூஎஸ்பி டேட்டா மைனஸ், 3 டேட்டா பிளஸ், 4 கிரவுண்ட், 5 பவர் பட்டன், 6 கட்டளைக்கான டேட்டா, 7 கிளாக். எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். படத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். பீப் நிலையில் (இரு முனைகளுக்கும் இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து ஒரு முனையைத் திருகு துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையத்தில் வையுங்கள். ஒலிக்கும் பின் கிரவுண்ட். பிறகு பவர் பட்டனை அழுத்தும்போது மட்டும் கிரவுண்டோடு ஒலிக்கும் பின்னைக் கண்டுபிடியுங்கள், அது 5. இந்த இரண்டும் அடுத்தடுத்து அமைந்துவிட்டால் எண்ணும் திசை உறுதி. இரண்டு நிமிட வேலை, ஒரு போர்டைக் காப்பாற்றும்.

யூஎஸ்பி டேட்டா ஒயர்கள் நேராகப் போகலாம், இடையில் எதுவும் வேண்டாம். யூஎஸ்பியின் மின் ஒயரில்தான் 5 வோல்ட். இந்த மாட்யூல் பயன்படுத்தும் 'முழு வேக' யூஎஸ்பியில் டேட்டா ஒயர்கள் பேசுவது எப்போதும் 3.3 வோல்ட்டில். வெள்ளை மைனஸ், பச்சை பிளஸ் என்பது மரபு, ஆனால் மலிவான கேபிள்களில் நிறம் எப்படியும் இருக்கலாம். பிளக்கிலிருந்து ஒயர் நுனிவரை பீப் வைத்துச் சரிபாருங்கள். இந்த இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, கேபிள் உறையை வெட்டிய இடத்திலிருந்து மாட்யூல் வரை முடிந்த அளவு குட்டையாக வையுங்கள்.

செருகியதும் விண்டோஸ் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பிழைகள் உண்டு. டிவைஸ் மேனேஜரில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்' என்று வந்தால் கோளாறு உங்கள் ஒயரிங்கில். பெரும்பாலும் பிளஸும் மைனஸும் மாறியிருக்கும். முழு வேக யூஎஸ்பி சாதனம் தன்னை அறிவிப்பது டேட்டா பிளஸ் ஒயரை மேலே இழுத்துத்தான். ஒயர் மாறினால் கணினி அதைக் குறை வேகச் சாதனம் என்று எடுத்துக்கொண்டு புரியாத பாஷையில் பேசும். மாற்றிப் போட்டால் சரியாகும், எதுவும் எரியாது. மாறாக, வெறும் 'அன்னோன் டிவைஸ்' என்று வந்து, அதன் ஹார்டுவேர் ஐடியில் பொருள் எண் (PID) 0291 என்று தெரிந்தால் உங்கள் சாலிடரிங் வேலை முடிந்தது. மிச்சம் டிரைவர் மட்டும்தான். இதை அறியாமல் ஒயரைப் பிய்த்துத் திரும்பச் சாலிடர் செய்பவர்கள் பலர்.

டிரைவர் தானாக அமராததற்குக் காரணம் எளிது. விண்டோஸுக்கென விற்ற ரிசீவரின் எண் 0719. இந்த மாட்யூலின் எண் வேறு என்பதால் விண்டோஸ் அதற்குத் தானே டிரைவரைப் பொருத்தாது. கையால் காட்ட வேண்டும். அன்னோன் டிவைஸை வலது கிளிக் செய்து அப்டேட் டிரைவர், பிறகு கணினியில் தேடு, பிறகு பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன் என்ற வழியில் போனால் எக்ஸ்பாக்ஸ் 360 பெரிஃபெரல்ஸ் என்ற பிரிவு வரும். அதில் வயர்லெஸ் ரிசீவர் ஃபார் விண்டோஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது பொருந்தாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். ஆம் என்று சொல்லலாம். அந்தப் பிரிவே காணவில்லை என்றால் எக்ஸ்பாக்ஸ் 360 ஆக்சசரீஸ் மென்பொருளின் 1.2 பதிப்பை எடுத்து நிறுவிவிட்டுத் திரும்ப வாருங்கள். ஒரு போர்ட்டில் செய்த இந்தத் தேர்வு வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினால் மறுபடி கேட்கப்படலாம். அதனால் ஒரே போர்ட்டை நிலையாக வைத்துக்கொள்வது நல்லது.

லினக்ஸில் இந்தப் பாடு எதுவும் இல்லை. கர்னலோடு வரும் எக்ஸ்பேட் டிரைவரின் பட்டியலில் 0719, 0291 இரண்டும் இருக்கின்றன. செருகினால் போதும். பழைய விளையாட்டுகளுக்காக ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாட்யூலுக்கு இல்லை என்பது என் கணிப்பு. குறை ஒன்று: கன்ட்ரோலரில் செருகும் ஹெட்செட்டின் ஒலியை எக்ஸ்பேட் கையாளாது.

இனி சிங்க். இதைச் சுலபம் என்று சொல்லும் குறிப்புகள் பல. முறையாகச் செய்யாவிட்டால் மொத்த வேலையும் இங்கே நின்றுவிடும். மாட்யூல் கட்டளை வாங்கும் முறை இப்படி: பின் 6ஐ நாம் தாழ்நிலைக்கு இழுத்தால், மாட்யூலே பின் 7இல் கிளாக் துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். கிளாக் கீழே விழும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட்டை நாம் பின் 6இல் வைக்க வேண்டும். மேலே ஏறும்வரை காத்திருந்து அடுத்ததுக்குப் போக வேண்டும். மொத்தம் 10 பிட். முடிந்ததும் பின் 6ஐ உயர்நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு உள்ளீட்டு நிலைக்கு விட்டுவிட வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பது மாட்யூல்தான், அதனால் ஆர்டுயினோ பக்கம் நேரக் கணக்குத் துல்லியமாக இருக்க வேண்டிய தேவையில்லை.

கட்டளைகள் நான்கு போதும். எல்இடிகளை இயக்க 0010000100. கன்சோல் தொடங்கும்போது வளையம் சுழலுமே, அந்தத் தொடக்க அசைவுக்கு 0010000101. சிங்க் தொடங்க 0000000100. இணைந்துள்ள கன்ட்ரோலர்களை அணைக்க 0000001001. மின்சாரம் வந்ததும் மாட்யூல் விழித்துக்கொள்ள 2 வினாடி விடுங்கள், பிறகு எல்இடி கட்டளை, 50 மில்லி வினாடி இடைவெளி, பிறகு தொடக்க அசைவு. அடுத்து பின் 5ஐ ஆர்டுயினோவின் உள் புல்-அப் (பட்டன் அழுத்தாதபோது பின்னை உயர்நிலையில் வைக்கும் ரெசிஸ்டர்) போட்ட பின்னில் இணைத்து, தாழ்நிலை வந்தால் சிங்க் கட்டளை என்று எழுதுங்கள். கன்சோலின் பெரிய பவர் பட்டன் இப்போது சிங்க் பட்டன் ஆகிவிட்டது. ஒருமுறை அழுத்தினால் சிங்க், 3 வினாடி பிடித்தால் அணைப்பு என்று பிரித்துக்கொள்வது இன்னும் வசதி. பட்டனை அழுத்தி வளையம் சுழலத் தொடங்கியதும் கன்ட்ரோலர் முதுகில் உள்ள சின்ன சிங்க் பட்டனை 20 வினாடிக்குள் அழுத்த வேண்டும்.

ஏன் 3.3 வோல்ட் ப்ரோ மினி என்று கேட்கலாம். ஆர்டுயினோவின் ஊனோ போர்டுதான் எல்லோரிடமும் இருக்கிறதே. ஊனோ 5 வோல்ட்டில் ஓடுகிறது. கட்டளை முடிவில் பின் 6ஐ உயர்நிலைக்குக் கொண்டுவரும்போது மாட்யூலுக்குள் 5 வோல்ட் போகும். வரும் வழியிலும் சிக்கல்: 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328 (ஊனோவில் உள்ள சில்லு) ஒரு பின்னை உயர்நிலை என்று உறுதியாக எடுத்துக்கொள்ள 3.0 வோல்ட் வேண்டும், கிளாக் தருவதோ 3.3. இவ்வளவு சிறிய இடைவெளியில் கொஞ்சம் இரைச்சல் வந்தாலும் பிட் தவறும்; சிங்க் சில நேரம் நடக்கும், சில நேரம் நடக்காது. ஊனோவில் ஒருமுறை வேலை செய்துவிட்டது என்று அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடியவர்கள் பிறகு திண்டாடுவது இதனால்தான். ப்ரோ மினியையும் மாட்யூலையும் ஒரே ரெகுலேட்டரிலிருந்து ஊட்டினால் இரு பக்கமும் ஒரே மட்டம். ப்ரோ மினியில் விசிசி பின்னில் 3.3ஐக் கொடுங்கள், ரா பின்னில் அல்ல. ரா வழியே கொடுத்தால் அதன் சொந்த ரெகுலேட்டரில் இன்னும் இறங்கிவிடும். நிரலை ஏற்றும்போது போர்டு பட்டியலில் 8 மெகாஹெர்ட்ஸ் வகையைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். இடம் குறைவு என்றால் ஏடிடைனி85 என்ற சிறிய சில்லு ஒன்றே போதும், அதுவும் 3.3 வோல்ட்டில் நன்றாக ஓடும்.

பட்டனை அழுத்தியும் எதுவும் நடக்காமல் ஆர்டுயினோ உறைந்து நின்றால் முதலில் கிளாக் ஒயரைப் பாருங்கள். நிரல் கிளாக் மாறும்வரை காத்திருக்கும்படி எழுதப்பட்டது. ஒயர் விட்டிருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்கும். 6, 7 இரண்டும் இடம் மாறியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

எங்கே பொருத்துவது என்பது ரிசீவரின் தரத்தையே மாற்றும். ஆன்டெனா போர்டின் செம்பிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், இரும்புக் கணினிப் பெட்டிக்குள் வைத்து மூடினால் வீச்சு பெருமளவு குறையும். முகப்பில் உள்ள 5.25 அங்குல காலி இடத்தின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் வைப்பது நல்ல தீர்வு. மூடியில் துளையிட்டால் பட்டனும் வளையமும் அழகாக வெளியே தெரியும். மதர்போர்டின் உள் யூஎஸ்பி ஹெடரிலிருந்து இணைப்பு எடுக்கலாம். அந்த ஹெடரிலும் 9 பின்கள்தான், மாட்யூலின் இணைப்பியிலும் 9. இரண்டையும் நேராக இணைத்துவிட நினைக்காதீர்கள், அங்கே 1, 2 இரண்டிலும் 5 வோல்ட் இருக்கிறது. யூஎஸ்பி 3.0 போர்ட், அதில் செருகிய ஹார்டு டிஸ்க் ஆகியவற்றின் பக்கத்தில் வைப்பதையும் தவிர்க்கவும். யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகிறது என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை வெளியிட்டது. பட்டன் அழுத்தம் இடையிடையே தொலைவது போல் இருந்தால், டிரைவரைச் சந்தேகிக்கும் முன் போர்டைக் கையளவு தூரம் நகர்த்திப் பாருங்கள்.

பயன்பாட்டில் எப்படி? சரியாகப் பொருத்திய மாட்யூல், விண்டோஸுக்கென விற்ற ரிசீவர் செய்யும் வேலையைச் செய்கிறது. நான்கு கன்ட்ரோலர்கள், அதிர்வு, நடுவில் உள்ள கைடு பட்டன் எல்லாம் உண்டு. எக்ஸ்இன்புட் (விண்டோஸில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைப் படிக்கும் முறை) ஏற்கும் விளையாட்டுகள் எந்த அமைப்பும் கேட்காமல் எடுத்துக்கொள்கின்றன. கன்ட்ரோலரில் மாட்டும் சாட்பேட் விசைப்பலகைக்கு இந்த டிரைவரில் இடமில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் கன்ட்ரோலர்கள் இதோடு சேராது. அவற்றின் ரேடியோ வேறு. கணினியில் கன்ட்ரோலர் தானாக அணையாமல் பேட்டரியைத் தின்னும் என்பது பலருடைய குறை. கைடு பட்டனைச் சில வினாடி பிடித்தால் அணையும், அல்லது மேலே சொன்ன அணைப்புக் கட்டளை இருக்கிறது. ஆர்டுயினோ வைத்துச் செய்தவர்களுக்கு இது ஒரு கூடுதல் லாபம். வெறும் ரிசீவரில் இந்த வசதி பட்டனாகக் கிடைக்காது.

நகல் ரிசீவரோடு ஒப்பிட்டால்? நகல்களிலும் பல 0291 என்ற எண்ணையே காட்டுவதால் டிரைவரைக் கையால் காட்டும் வேலை அங்கேயும் இருக்கிறது. அதனால் அந்தச் சிரமத்தை இந்த மாட்யூலுக்கு எதிராகச் சொல்ல முடியாது. ரேடியோ கன்சோலுக்காகவே செய்யப்பட்டது என்பது இதன் பக்கம் உள்ள பலம். கையில் செத்த கன்சோலும் சாலிடரிங் அயர்னும் இருந்தால் தயங்காமல் இதைச் செய்யலாம். ஆனால் மாட்யூல், ஆர்டுயினோ, ரெகுலேட்டர், சீரியல் அடாப்டர் என்று ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை என்றால், இதை ரிசீவருக்காகச் செய்யாதீர்கள். நகலே மலிவாக முடியும். அந்தப் பச்சை வளையம் மேசையில் சுழல வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு கணக்கு, அதற்கு இது தகும்.

தனியாக மாட்யூல் வாங்குபவர்கள் இரண்டைக் கவனியுங்கள். விற்பவர் வெறும் எக்ஸ்பாக்ஸ் 360 என்று எழுதியிருந்தால் எந்த மாடல் என்று கேளுங்கள். 2010இல் வந்த ஸ்லிம், 2013இல் வந்த ஈ மாடல் ஆகியவற்றின் போர்டும் இணைப்பியும் வேறு. இங்கே சொன்ன பின் வரிசை அவற்றுக்குப் பொருந்தாது, அதை நம்பி மின்சாரம் கொடுத்தால் போர்டு போய்விடும். போர்டின் பின்பக்கப் படத்தையும் கேளுங்கள்: இணைப்பியின் பின்கள் வளையாமல், முன்பே யாரும் சாலிடர் வைத்துக் கருக்காமல் இருக்க வேண்டும். யாரோ 5 வோல்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு 'சோதிக்கவில்லை' என்று விற்கும் போர்டுகளில் பெரும்பாலும் பின் 1ஐ ஒட்டிய சாலிடர் தடம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.